கீசரில் ஆனோடு ராடு மாற்றத்தான் வேண்டுமா?

"சுடுதண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. ஆனாலும் சர்வீஸுக்கு வந்தவர் ஆனோடு ராடு தீர்ந்துவிட்டது, மாற்றணும் என்கிறார். காசு பிடுங்கப் பார்க்கிறாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

தண்ணீரைச் சூடாக்குவது காயில். ராடுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது இருப்பது தொட்டிக்காக. பெரும்பாலான ஸ்டோரேஜ் கீசர்களில் தொட்டி இரும்புதான், உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு. பூச்சில் ஊசிமுனை அளவு விட்டுப்போனாலும் அங்கே துரு பிடிக்கும். இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் அரிக்கும் என்பதால், அதில் ஒரு ராடு செய்து உள்ளே பலியாடாக விட்டிருக்கிறார்கள். அது கரைகிறவரை தொட்டிக்கு ஆபத்து குறைவு.

நம் கடலூரில் சிக்கலே தண்ணீர்தான். தேவனாம்பட்டினம் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். உப்பு ஏற ஏற ராடு வேகமாகக் கரையும். எங்கள் வீட்டில் கழற்றிப் பார்த்தபோது விரல் தடிமன் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் காணோம். ஆங்காங்கே குழி விழுந்து, வெள்ளையாகப் பொருக்கு தட்டி, ஒரு இடத்தில் நடுவில் இருக்கும் இரும்புக் கம்பியே வெளியே தெரிந்தது. கம்பி தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். அது காயிலில் சுண்ணாம்பு படிவதைத்தான் குறைக்கும், உப்பை எடுக்காது. நம் ஊர் போர் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

நாமே மாற்றலாமா? வாரண்டி இருக்கும்வரை கை வைக்காதீர்கள், கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள். அதன் பிறகு, கரண்ட் வேலை தெரிந்தவர் என்றால் செய்யலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயின் போர்டில் கீசருக்கான எம்.சி.பி.யையும் (கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்கிவிடுங்கள். தண்ணீர் ஆறட்டும். தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, இன்லெட்டை (கீசருக்குள் தண்ணீர் வரும் குழாயை) கழற்றினால் தொட்டி காலியாகும். வாளி ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். ஒயர்களை அவிழ்க்கும் முன் போனில் ஒரு படம். அடித்தட்டின் போல்ட்களை எடுத்தால் பல மாடல்களில் காயிலும் ராடும் சேர்ந்தே வெளியே வரும். பழைய ராடைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள், மரையும் நீளமும் மாடலுக்கு மாடல் மாறும். ரப்பர் கேஸ்கட்டும் புதிதாக வாங்குங்கள், பழையது மறுபடி உட்காராது, கசியும்.

எல்லாம் மாட்டிய பிறகு தொட்டி நிரம்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று கலக்காமல் தண்ணீர் சீராக வந்தால்தான் சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் காயில் போச்சு.

தொட்டியே ஓட்டை விழுந்து துருத்தண்ணீர் சொட்டுகிறது என்றால் ராடு வாங்கவே வேண்டாம், அந்தக் காசைப் புது கீசரில் போடுங்கள்.