தோள் தழும்பை வெட்டி எடுக்கலாமா?

தோளில் கட்டி எடுத்த இடம் தடித்து, அரித்து, தையல் கோட்டையும் தாண்டிப் பரவுகிறது, வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். கோட்டைத் தாண்டினால் அது கீலாய்டாக, அதாவது காயத்தின் எல்லையை மீறி வளரும் தடித்த தழும்பாக, இருக்கலாம். வெறுமனே வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும், சில நேரம் முன்பைவிடப் பெரிதாகவே. தோல் மருத்துவரிடம் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கேளுங்கள். தழும்புக்குள்ளேயே சில வாரங்களுக்கு ஒருமுறை போடுவார்கள்; கல் மாதிரி இருப்பது மெல்ல இளகும், அரிப்பும் குறையும். கூடவே தழும்பின் மேல் ஒட்டும் மெல்லிய சிலிகோன் ஷீட், தினமும் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதம்.

அப்புறம், தழும்பே இல்லாமல் செய்யும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட அவோடெர்மின் என்ற தழும்புத் தடுப்பு மருந்து கூட 2011-ல் மனிதர்களிடம் செய்த மூன்றாம் கட்ட ஆய்வில் தோற்றது.