மூலையில் ஒரு முகம்

அன்புள்ள ஐயா,

தினமும் ஐந்தாறு காணொளிக் கூட்டங்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. ஆனாலும் மாலையில் மூட்டை சுமந்தவன்போல ஓய்ந்துவிடுகிறேன். மனைவி ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். கூட்டம் முழுக்க என் முகம் சரியாக இருக்கிறதா என்பதிலேயே கவனம் போகிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா? தியானம் பழகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தியானம் பழக ஆசையிருந்தால் பழகுங்கள். மன உறுதி என்ற பேச்சை விடுங்கள். அசையாமல் இருந்தும் களைப்பு என்கிறீர்கள். அசையாமல் இருப்பதாலும்தான் களைப்பு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் இந்தச் சோர்வுக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக அருகில் ஓயாமல் நம்மை நோக்கும் கண்கள், குறிப்பறிய மூளை படும் கூடுதல் பாடு, ஓரிடத்தில் கட்டுண்ட உடல், தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது. முதல் மூன்றும் இருக்கட்டும். கடைசிக் காரணம் என்னை நெடுநாளாக அரிக்கிறது.

என் நெருங்கிய நண்பர் இறந்தபோது அஞ்சலிக் கூட்டம் காணொளியில் நடந்தது. அவர் மகள் பேசினாள். கடைசி நாட்களில் எழுந்து உட்கார முடியாதபோதும் தன் பழைய கைக்கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கச் சொல்வார் என்றாள். அங்கே அவள் குரல் உடைந்தது. அப்போது என் கண் எங்கே இருந்தது தெரியுமா? திரையின் மூலையில், என் முகத்தின்மேல். துக்கம் போதிய அளவு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புருவத்தைச் சற்றுத் தாழ்த்திக்கூடப் பார்த்தேன். முப்பது வருட நட்புக்கு நான் செய்த அஞ்சலி அது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

பேசும்போது நம் முகம் எதிரில் இருப்பவருக்குரியது. அவர் முகம் மாறுவதைக் கண்டுதான் நம் முகம் எப்படி இருந்தது என்று அறிகிறோம். நீங்களோ பேசுகிறவராகவும், பேசும் தன்னையே கண்காணிக்கிறவராகவும் இரட்டை வேலை பார்க்கிறீர்கள். களைக்காமல் என்ன செய்யும்? நம் படத்தை நம் திரையில் மட்டும் மறைக்கும் வசதி ஜூமில் இருக்கிறது. மற்றவர்களுக்கு நாம் தெரிந்துகொண்டேதான் இருப்போம். இத்தனை நாளாக அதைத் தேடிப் பார்க்கவில்லையா? தலை கலைந்திருந்தால் கலைந்திருக்கட்டும். இன்றே மறையுங்கள். முடிந்த கூட்டங்களில் கேமராவையே அணையுங்கள். 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, கேமரா ஓடினால் களைப்பு கூடுகிறது என்றது. பெண்களுக்கும் வேலைக்குப் புதியவர்களுக்கும் அது இன்னும் அதிகம். மேலாளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மனைவியிடம் எரிந்து விழுந்ததை எழுதினீர்கள். மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரி இல்லையே? நாள் முழுக்க யார் யாருக்காகவோ சரிசெய்த முகத்தை அவரிடம் மட்டும் சுளித்திருக்கிறீர்கள். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன் அவரிடம் போய்ப் பேசுங்கள்.