உபுண்டுவில் எதை நிறுவினாலும் ‘டிபிகேஜி எரர் கோடு 1’ என்றே வருகிறது. ஓஎஸ்ஸையே புதிதாகப் போட வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் காட்டியிருப்பது கடைசி வரி. அதில் விஷயமே இல்லை. மென்பொருளை நிறுவித் தரும் ஆப்ட், தனக்குக் கீழே வேலை பார்க்கும் டிபிகேஜியைக் கூப்பிட்டது, அது கையை விரித்துவிட்டது, அவ்வளவுதான். காரணம் அதற்கு மேலே எங்கோ இருக்கும். ஸ்க்ரோல் செய்துகொண்டே போய், முதன்முதலில் எங்கே சறுக்கியது என்று பாருங்கள். டெர்மினலை மூடிவிட்டீர்களா? பரவாயில்லை, வார் ஃபோல்டரில் லாக், அதற்குள் ஆப்ட், அங்கே டெர்ம்.லாக் என்ற ஃபைலில் எல்லாம் பதிவாகியிருக்கும்.

எனக்கும் இதே வரி வந்தது. நான் நிறுவப் போனது ஒரு சாதாரண பிடிஎஃப் ரீடர். மேலே போய்ப் பார்த்தால் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தது. ரீடருக்கும் கர்னலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. சில நாள் முன்பு வந்த கர்னல் அப்டேட் பாதியில் நின்றிருக்கிறது. ஆப்ட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்தப் பாக்கியையும் முடிக்கப் பார்க்கும், முடியாமல் எரர் கொடுக்கும். வேடிக்கை என்னவென்றால், ரீடர் ஒழுங்காகவே நிறுவப்பட்டிருந்தது! மெனுவில் தேடாமலேயே அதை மூன்று முறை திரும்பத் திரும்ப நிறுவியிருக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் மேலே ‘டிவைஸில் இடம் இல்லை’ என்ற வரி. டிஸ்க்கில் 60 ஜிபி சும்மா கிடக்கிறதே என்று, மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டை -எச் சேர்த்து ஓட்டினேன். முக்கியப் பார்ட்டிஷனான ரூட்டில் இடம் இருந்தது, கம்ப்யூட்டர் தொடங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் பூட் மட்டும் 100% நிரம்பியிருந்தது. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து உபுண்டுவை நிறுவினால் பூட்டுக்கு என்று சின்னதாக ஒரு பார்ட்டிஷன் தனியாகப் போய்விடும். ஒவ்வொரு கர்னலும் அதோடு வரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (தொடக்கத்தில் கர்னலுக்குத் தேவைப்படும் ஃபைல்களின் மூட்டை) அங்கேதான் குவியும்.

உங்களுக்கும் அதுதான் என்றால், முதலில் யூநேம் -ஆர் ஓட்டி, இப்போது ஓடும் கர்னல் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தொடவே கூடாது. அப்புறம், தேவைப்படாததை நீக்கும் ஆப்ட் ஆட்டோரிமூவ். பல சமயம் பழைய கர்னல்கள் அதிலேயே போய்விடும். அதுவும் முரண்டு பிடித்தால், இருப்பதிலேயே பழைய கர்னலின் இமேஜையும் அதோடு ஒட்டிய மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ராவையும் சேர்த்து டிபிகேஜி மூலமே பர்ஜ் செய்யுங்கள், அதாவது அடியோடு நீக்குங்கள். இடம் கிடைத்ததும் டிபிகேஜியை ‘கான்ஃபிகர் -ஏ’ என்று ஓட்டினால் பாதியில் நின்றது முடிந்துவிடும்.

பூட்டிலும் இடம் இருக்கிறதா? டிஎஃப் -ஐ ஓட்டி ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால், ஜிபி கணக்கில் இடம் இருந்தும் ‘இடம் இல்லை’ என்றே வரும்.

இடையில் யாராவது லாக் ஃபைலை (மேலே சொன்ன பதிவு லாக் அல்ல, ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல்கள் ஓடாமல் தடுக்கும் ஃபைல்) டெலீட் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை பொறுத்திருங்கள். அது எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்களும் புகுந்தால்தான் உண்மையிலேயே ஓஎஸ்ஸைத் திரும்பப் போட வேண்டிவரும்.

இது எதுவுமே இல்லையென்றால் முதல் எரர் வரியையும், அதற்கு மேலும் கீழும் பத்து வரிகளையும் கேள்வியில் சேருங்கள், பார்க்கிறேன். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், டெக்ஸ்ட்டாகவே.