1987-ல் கல்யாணமான என் அம்மாவுக்குத் தாத்தாவின் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா? மாமா "சீர் செஞ்சாச்சு" என்கிறார்.

உண்டு. சீர் செய்ததாலோ நகை போட்டதாலோ சொத்தில் உள்ள பங்கு தீர்ந்துபோகாது. நான் சிவில் வழக்குகள் நடத்தும் வக்கீல். இந்த "சீர் செஞ்சாச்சு" வசனத்தைக் கேட்காத வாரமே கிடையாது.

உங்கள் மாமா மனதில் இருப்பது பழைய கணக்காக இருக்கலாம். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று ஒரு கோடு போட்டுவிட்டார்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. அநியாயமான கோடுதான். 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தக் கோடு இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று அப்புறமும் பல வருஷம் இழுத்தது. தேவையில்லை, மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது.

விதிவிலக்கு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே நிலத்தை விற்றிருந்தாலோ, பத்திரம் பதிந்து பாகப்பிரிவினை செய்திருந்தாலோ அதைத் தொட முடியாது. "அப்பவே வாய்மொழியா பிரிச்சுட்டோம்" என்று சும்மா சொன்னால் கோர்ட் லேசில் ஏற்காது. தாத்தா உயில் எழுதியிருந்தால் கணக்கு மாறும். அது அவர் சொந்தமாகச் சம்பாதித்த நிலம் என்றால் உயில்படிதான். உயில் இல்லாவிட்டால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளும் சம வாரிசு.

எனக்குக் கவலை சட்டத்தைப் பற்றி இல்லை, கையெழுத்தைப் பற்றி. "பட்டா மாத்தணும், ஆதாரை எடுத்துக்கிட்டு வாம்மா" என்று கூப்பிடுவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நீட்டுவது விடுதலைப் பத்திரமாக, அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரமாக இருக்கும். அப்படி ஒரு பத்திரம் என் மேஜைக்கு வந்தது. "எனக்குள்ள பாகத்திற்கு ரொக்கம் ரூபாய் இரண்டு லட்சம் பெற்றுக்கொண்டு" என்று அதில் இருந்தது. அந்த அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு பட்டுப்புடவையும் மதியச் சாப்பாடும். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போடலாம்தான், ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போட வேண்டும். நிரூபிப்பதற்குள் பிராணன் போய்விடும்.

அதனால் மாமாவிடம் பேசுவதற்கு முன்னால் அந்த நிலத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் (அந்த நிலத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். ஆன்லைனிலேயே பார்க்கலாம். தாத்தாவுக்கு வாங்கிய வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு வாங்குவது சர்வ சாதாரணம். பட்டா மாமா பெயரில் இருப்பதற்காகப் பயப்பட வேண்டாம், பட்டா மட்டுமே உரிமையைக் கொடுத்துவிடாது. பங்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி ஒதுக்கிவிட்டார்கள் என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள். அது தெரிந்த நாளிலிருந்து 12 வருஷம்தான் கெடு.

வக்கீல் செலவுக்குத் தயங்கினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். முதலில் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் சமரசப் பேச்சு, அதுவும் நடக்காவிட்டால்தான் பாகப்பிரிவினை வழக்கு. நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்த மாமாக்களையும் நான் பார்த்திருக்கிறேன்.