கிளினிக் இணையத்தளம் நல்லதா, இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

தனியார் கிளினிக்குகளின் இணையத்தளங்கள் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பல் கிளினிக் ஒன்று நடத்துகிறேன். இணையத்தளம் செய்துதர மூன்று பேர் மாதிரி காட்டினார்கள். மூன்றும் அழகாகத்தான் இருக்கின்றன. எதை எடுப்பது?
– பல் வைத்தியர், கொக்குவில்

பதில்: மூன்றையும் அவர்களுடைய மடிக்கணினியில் பார்த்திருப்பீர்கள். பெரிய திரையில் எல்லாத் தளமும் அழகுதான். ஆனால் இரவு 9 மணிக்குப் பல்வலியோடு உங்களைத் தேடுகிறவருக்கு ஒரு கை கன்னத்தில் இருக்கும், மற்றக் கையில் போன். பெருவிரல் ஒன்றுதான் மிச்சம். அந்தப் பெருவிரலை வைத்துத்தான் தளத்தை எடைபோட வேண்டும்.

அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. 60 வயது தாண்டிய ஒருவரை அழைத்து, அவருடைய சொந்தப் போனில், வைஃபையை நிறுத்திவிட்டு, மாதிரித் தளத்தைத் திறந்து கொடுங்கள். நான்கே நான்கு கேள்வி கேளுங்கள். நாளைக்கு டொக்டர் இருக்கிறாரா, எத்தனை மணிக்கு? நம்பர் எடுப்பது எப்படி? இடம் எங்கே? பல் பிடுங்க எவ்வளவு முடியும்? ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. நீங்கள் வாய் திறக்கக் கூடாது, விரலால் காட்டவும் கூடாது. அவர் எந்த இடத்தில் தடுமாறி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கேதான் பிழை. மொத்தம் 100 புள்ளி என்றால் 50ஐ இந்தச் சோதனைக்கே ஒதுக்குங்கள்.

பெரும்பாலான தளங்கள் தோற்பது நேர அட்டவணையில். கிளினிக் சுவரில் ஒட்டிய தாளைப் போனால் படமெடுத்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். பார்ப்பவர் இரண்டு விரலால் பெருப்பிக்க வேண்டும். பெருப்பித்தால் ‘செவ்வாய்’ தெரியும்; அதற்கு நேரே உள்ள மணி திரைக்கு வெளியே போய்விடும். நகர்த்திப் பார்க்கும்போது வரி மாறி, புதன்கிழமை நேரத்தைச் செவ்வாய் என்று எடுத்துக்கொண்டு சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். படத்தில் உள்ள எழுத்தைப் பார்வை குறைந்தவரின் போன் வாசித்துச் சொல்லாது, கூகிள் தேடலிலும் அது சரிவர அகப்படாது. அட்டவணையை எழுத்தாகவே போடச் சொல்லுங்கள்; ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்.

தொலைபேசி எண்ணும் அப்படித்தான். முகப்புப் படத்துக்குள் அழகான எழுத்தில் எண் இருக்கும். தொட்டால் ஒன்றும் நடக்காது. அதை மனதில் பிடித்து, தளத்தை மூடி, போனில் அழுத்த வேண்டும். எண்ணைத் தொட்டதும் அழைப்புப் போக வேண்டும். அந்தப் பொத்தான் திரையின் அடியிலேயே நிலையாக நிற்பது நல்லது, பெருவிரல் எட்டும் இடம் அதுதான். உயரமும் அகலமும் 44 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். வலது மூலையில் மிதக்கும் அரட்டைக் குமிழி அதை மறைக்கிறதா என்றும் பாருங்கள், அடிக்கடி மறைக்கும்.

முகப்பில் தானாக ஓடும் ஐந்து படங்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். கமராவிலிருந்து நேரே வந்த படம் ஒன்று 3 எம்பி என்றால் ஐந்தும் 15 எம்பி. விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் (8 மெகாபிட் ஒரு எம்பி) அவை வந்து முடிய ஒரு நிமிடம் ஆகும். படம் ஒன்றே போதும்: அகலம் 1200 பிக்சல், வெப்பி (WebP) என்ற சுருக்கிய பட வடிவம், 150 கேபிக்குள். அது வெளிநாட்டு மொடலின் பற்சிரிப்பாக இருக்க வேண்டாம். வீதியிலிருந்து பார்த்தால் உங்கள் கேற்றும் பெயர்ப்பலகையும் எப்படித் தெரியுமோ அந்தப் படத்தைப் போடுங்கள். ஓட்டோக்காரரிடம் காட்ட அதுதான் உதவும். டொக்டர் மேல்மாடியில் இருந்தால் எத்தனை படி, கீழே பார்க்க வழி உண்டா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். முழங்கால் வருத்தக்காரருக்கு உங்கள் பட்டங்களின் பட்டியலைவிட அந்த வரி பெரிது.

கேள்வி: எங்கள் கிளினிக் தளம் 2009இல் செய்தது. கணினியில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. ஏன்?
– நிர்வாகி, நெல்லியடி

பதில்: அது பாமினியில் தட்டியது. பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் வைக்கப்பட்டிருக்கும். உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் தமிழாகத் தெரிகிறது, போனில் இல்லாததால் அடியில் உள்ள ஆங்கில எழுத்து வெளியே வருகிறது. கூகிளுக்கும் அது தமிழ் அல்ல. ‘நெல்லியடி கண் டொக்டர்’ என்று தேடுகிறவருக்கு உங்கள் தமிழ்ப் பக்கம் தென்படவே மாட்டாது.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாப் போனும் தமிழென்றே அறியும் எழுத்துமுறைக்கு, மாற்ற வேண்டும். மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதை வாசிக்காமல் ஏற்றக் கூடாது. கருவிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. மருந்தளவு ஒன்று ‘500’ என்று எழுதி, பக்கத்தில் மில்லிகிராமுக்கான எம், ஜி இரண்டையும் சிறிய ஆங்கில எழுத்தில் போட்டிருந்தால், அது ‘500 அப’ என்று வந்து நிற்கும். மருந்துப் பெயர், சோதனைப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் இப்படித்தான் சிதையும். ஆங்கிலத் துண்டுகளை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, தமிழை மட்டும் மாற்றி, பிறகு அவற்றை உரிய இடத்தில் சேருங்கள். ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து ஔகாரக் குறிபோல நிற்கும் இடங்களையும் தேடித் திருத்துங்கள்; கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் அது வேறு சொல்.

வடிவமைப்பிலும் தமிழுக்கு வேறு கணக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு எழுத்தளவு 16 பிக்சல் என்றால் தமிழுக்கு 17, 18 வைக்கலாம். வரிக்கு வரி இடைவெளி எழுத்தளவின் 1.6 மடங்காவது இருக்கட்டும். நெருக்கினால் மேல்வரியின் உகரக் கீறு கீழ்வரியின் விசிறியில் முட்டும். பந்தியின் இரு ஓரத்தையும் சமப்படுத்த வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; போன் அகலத்தில் வரிக்கு மூன்று சொல்தான் வரும், நடுவில் ஓட்டை விழும். பொத்தானின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து பூட்டிவிட்டால் ‘முற்பதிவு செய்ய’ என்பது ‘முற்பதிவு செ’ என்று அறுந்து நிற்கும்.

கேள்வி: தமிழ்ப் பக்கத்தைக் கணினி மொழிபெயர்ப்பில் செய்தால் போதாதா?
– மாணவி, சுன்னாகம்

பதில்: போதாது. ‘இன்றே நியமனம் செய்யுங்கள்’ என்று பொத்தான் போட்ட தளங்கள் அப்படித்தான் வந்தன. டொக்டரைச் சந்திக்க நேரம் கேட்பதற்கும் உத்தியோகத்துக்கு நியமிப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘அப்பொயின்ற்மென்ற்’ என்ற ஒரே சொல் என்பதால் இந்தக் கோளாறு. ‘எங்கள் பயிற்சி பற்றி’ என்று இன்னொன்று வரும்; அவர்கள் சொல்ல வந்தது கிளினிக்கைப் பற்றி, ஆங்கிலத்தில் ‘பிராக்ரிஸ்’ என்பது இரண்டையும் குறிக்கும். ‘நம்பர் எடுக்க’, ‘டொக்டர் வரும் நாட்கள்’, ‘சீனி வருத்தம்’, ‘பிறசர்’ என்று ஊர் பேசுகிற சொல்லையே எழுதுங்கள். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் என்பவற்றைப் பக்கத்தில் சேர்க்கலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டொக்டர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கிய மண் இது. ஒரு பக்கத்தை நல்ல தமிழில் எழுத ஒருவரை ஒரு நாள் உட்கார வைப்பது பெரிய வேலையல்ல.

கேள்வி: அம்மா உரும்பிராயில் தனியே இருக்கிறா. நான் இங்கிருந்து அவவுக்கு நம்பர் எடுக்கப் பார்த்தால் தளம் விடுகுதில்லை. 021 என்று தொடங்கும் எண்ணும் போகுதில்லை. பிழை என்னிலா, தளத்திலா?
– வாசகி, ரொறன்ரோ

பதில்: தளத்தில்தான், அம்மா. 021 உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து +94 போட்டு, முதல் சுழியத்தை விட்டு, 21 என்று தொடர வேண்டும். தளத்தில் எண்ணை முதலிலிருந்தே +94 21 என்று கொடுத்திருந்தால் உள்நாட்டிலும் போகும், கனடாவிலிருந்தும் போகும்.

படிவம் உங்களைத் தடுப்பதற்கு வழக்கமான காரணம், போன் எண் 07இல் தொடங்கி 10 இலக்கமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருப்பது. தற்காலிகமாக அம்மாவின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தளம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: நம்பர் எடுப்பவர் வேறு, வருத்தக்காரர் வேறு. இரண்டு பெயருக்கும் இரண்டு எண்ணுக்கும் இடம் விடுங்கள். பாதி யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளைகள் வெளியில் இருந்துதான் நம்பர் எடுக்கிறார்கள்.

நேரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். சில படிவங்கள் பார்ப்பவரின் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். கிளினிக்கில் மாலை 5.00 என்றால் கோடைகாலத்தில் உங்களுக்குக் காலை 7.30 என்றும், குளிர்காலத்தில் 6.30 என்றும் வரும். அம்மாவிடம் அதை அப்படியே சொன்னால் அவ காலையில் போய்ப் பூட்டிய கேற்றுக்கு முன்னால் நிற்பா. ‘இலங்கை நேரம்’ என்று எழுதி, அதை மட்டும் காட்டுவதே சரி.

கேள்வி: படிவத்தில் அடையாள அட்டை எண், வருத்தத்தின் விபரம் எல்லாம் கேட்கிறார்கள். தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறது. நம்பிக் கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: பூட்டுப் படம் சொல்வது, உங்கள் போனுக்கும் சேர்வருக்கும் (தளம் இருக்கும் கணினி) இடையில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான். சேர்வரைத் தாண்டிய பிறகு அது ஒரு சாதாரண மின்னஞ்சலாகப் போய், வரவேற்பு மேசையில் நாலு பேர் பாவிக்கும் கணினியில் திறந்தபடி கிடக்கலாம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. நம்பர் எடுக்கப் பெயர், போன் எண், எந்த டொக்டர், எந்த நாள் இவ்வளவும் போதும். மிச்சத்தை டொக்டரின் அறைக்குள் சொல்லலாம். கட்டாயம் என்று சிவப்புப் புள்ளி போட்டு வருத்தத்தைக் கேட்கும் தளத்தில் ‘நேரில் சொல்வேன்’ என்று எழுதிவிடுங்கள்.

கிளினிக்காரருக்கும் ஒன்று. விளம்பரத்துக்காகப் பேஸ்புக்கின் பின்தொடரும் நிரல் (யார் எந்தப் பக்கம் பார்த்தார் என்று பேஸ்புக்குக்குச் சொல்வது) போட்டிருந்தால் படிவப் பக்கத்திலிருந்தாவது அதை எடுத்துவிடுங்கள். தோல் வைத்தியரையோ மனநல வைத்தியரையோ யார் தேடினார் என்பது அந்தக் கிளினிக்கை விட்டு வெளியே போகக் கூடாது.

படிவத்துக்கு மேலே இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், ஒருபக்கம் விறைப்பு என்றால் படிவம் நிரப்ப வேண்டாம், 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்த வரி இல்லாத தளத்துக்கு மற்ற எல்லாவற்றிலும் முழுப்புள்ளி கிடைத்தாலும் நாங்கள் தேர்ச்சி கொடுக்க மாட்டோம்.

கேள்வி: வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்துத்தான் இப்போதைய பாணியாம். வாசிக்க முடியவில்லை என்றால் வயது என்கிறார்கள்.
– வாசகர், காரைநகர்

பதில்: வயது இல்லை. பார்வை குறைந்தவர்களும் தளத்தைப் பாவிக்க வழிசொல்லும் உலகளாவிய அணுகல் வழிகாட்டி (WCAG), சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. வெள்ளையில் 999999 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் 2.85தான் வரும். 767676 வரை கறுப்பாக்கினால் 4.54. அந்த எண்ணை அவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நினைவூட்டல் எஸ்எம்எஸ் தமிழில் அனுப்பினால் இரட்டிப்புக் காசு வெட்டுகிறது. தளம் செய்தவர் ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்கிறார்.
– கிளினிக் உரிமையாளர், மானிப்பாய்

பதில்: ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70. தாண்டினால் 67, 67 ஆக வெட்டி ஒவ்வொன்றுக்கும் காசு. குறிகளும் தனித்தனியே எண்ணப்படும்: ‘யாழ்ப்பாணம்’ நமக்கு 6 எழுத்து, போனுக்கு 11. வாழ்த்தையும் கிளினிக்கின் முழுப்பெயரையும் வெட்டுங்கள். ‘நாளை மாலை 5.30. டொக்டர் நம்பர் 14. வராவிட்டால் அழைக்கவும்.’ இது 70க்குள் அடங்கும். தமிழை விட வேண்டாம்.

கேள்வி: கூகிளின் வேகச் சோதனையில் எங்கள் தளத்துக்கு 96. ஆனால் வருகிறவர்கள் ‘தளத்தில் போட்டது ஒன்று, இங்கே ஒன்று’ என்று ஏசுகிறார்கள். கடைசித் தவணை இன்னும் கொடுக்கவில்லை. என்ன கேட்டு வாங்க வேண்டும்?
– முகாமையாளர், யாழ் நகர்

பதில்: அந்தச் சோதனை நல்லதுதான். முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் வருகிறதா, பக்கம் குலுங்கி விரல் வேறிடத்தில் படுகிறதா என்றெல்லாம் அளக்கும். ஆனால் கொழும்பிலிருந்து வரும் நிபுணர் இந்தச் சனிக்கிழமை வரமாட்டார் என்பது அதற்குத் தெரியாது. போயா, நல்லூர்த் தேருக்கு வீதி மூடுவது, டொக்டரின் லீவு எல்லாவற்றுக்கும் முகப்பின் உச்சியில் ஒரு வரி அறிவிப்பு இருக்க வேண்டும். வரவேற்பில் இருக்கும் பிள்ளை தன் போனிலிருந்தே ஒரு நிமிடத்தில் அதை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தளம் செய்தவருக்கு வட்ஸ்அப் அனுப்பிக் காத்திருக்கும் ஏற்பாடு என்றால் ஆறு மாதத்தில் தளம் பழசு. அறிவிப்புக்கு முடிவுத் திகதி போடும் வசதியையும் கேளுங்கள். போன வருடத் தேர் அறிவிப்பு இன்னும் தொங்கும் தளங்கள் உண்டு. கூகிள் வரைபடத்தில் உள்ள நேரம் தனி. அதையும் அதே பிள்ளை மாற்றப் பழக வேண்டும்.

கடைசித் தவணைக்கு முன் மூன்று விடயம் உங்கள் கைக்கு வரட்டும். தளப்பெயர் (தளத்தின் இணைய முகவரி) கிளினிக்கின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகி இருக்க வேண்டும். செய்தவரின் பெயரில் இருந்தால், அவர் வெளிநாடு போன வருடம் புதுப்பிக்க ஆளில்லாமல் பெயர் கைவிட்டுப் போகும். சேர்வரின் கடவுச்சொல்லும் முழுப் பிரதி ஒன்றும் வேண்டும். மூன்றாவது, படிவத்தைச் சோதித்துப் பார்ப்பது. உங்கள் பெயரில் ஒரு நம்பர் எடுத்து, அது எங்கே, எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். மூன்று மாதமாக ஒருவரும் திறக்காத ஸ்பாம் பெட்டிக்குள் அது கிடந்தால், அங்கே ஏற்கெனவே காத்திருக்கும் ஆட்களை முதலில் அழைத்துப் பேசிவிட்டு மிச்சக் காசைப் பற்றி யோசியுங்கள்.