மின்வாரியம் சோலார், காற்று போன்றவற்றின் மின்சாரத்தை வாங்கியே ஆக வேண்டும் என்ற விதியால் நம்ம வடசென்னையில் சோலார் எப்படிப் பெருகும்?

மின்வாரியமும், சொந்தமாக மின்சாரம் தயாரித்துக்கொள்ளும் பெரிய ஆலைகளும் தங்கள் மின்சாரத்தில் குறிப்பிட்ட பங்கை வெயில், காற்று, நீர் போன்றவற்றிலிருந்து பெற்றே ஆக வேண்டும். இதுதான் அந்த விதி. மத்திய அரசின் 2023 அறிவிப்புப்படி 2024-25-ல் இது 29.91 சதவீதம், 2029-30-ல் 43.33. முக்கியமாக, 10 மெகாவாட்டுக்குக் குறைவான சின்ன நிலையங்களுக்கென்று அதிலேயே தனிப் பங்கு வைத்திருக்கிறார்கள், மொட்டைமாடி சோலார் அதில்தான் வருகிறது.

ஏன் இது பலிக்கிறது? சோலாரில் காசு மொத்தமும் முதலிலேயே இறங்கிவிடும், வரவு இருபது இருபத்தைந்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், அதனால் வாங்க ஆள் நிச்சயம் என்றால்தான் பேங்க் துணிந்து கடன் கொடுக்கும். ஒரு ஹாஸ்டல் மெஸ் தினமும் இவ்வளவு கீரையைப் பக்கத்துத் தோட்டத்தில்தான் வாங்க வேண்டும் என்று விதி வந்தால், தோட்டக்காரர் தைரியமாக விதைப்பார் இல்லையா, அதே கதைதான்.

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் காயப்போட்ட துணியில் படிகிறது, பேனலிலும் படியும். அடிக்கடி தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் உற்பத்தி குறையும். அதனால் இந்த விதியால் நிலக்கரியின் பங்கு குறைவது நமக்குத்தான் முதலில் தேவை.

அப்புறம், இதைக் கேட்டதும் நம் வீட்டில் கட்டாயம் பேனல் போட வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, கட்டாயம் மின்வாரியத்துக்கும் அந்தப் பெரிய ஆலைகள் போன்றவற்றுக்கும்தான், வீட்டில் போடுவது உங்கள் விருப்பம்.