வயிறு எளிதில் உப்பும் கைக்குழந்தைக்குப் பவுடர் பாலை எப்படிக் கலக்க வேண்டும்?

ஃபார்முலா என்பது தாய்ப்பாலுக்குப் பதிலாக, அளவு கணக்கிட்டுத் தயாரித்த பால் பவுடர். கலக்கும் விதம் பிசகினாலே பாதித் தொல்லை வந்துவிடும்.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். அரை மணி நேரத்துக்குள், சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலக்க வேண்டும். டப்பாவில் உள்ள பவுடர் கிருமி நீக்கப்பட்டதல்ல. அந்தச் சூடுதான் கிருமியைக் கொல்லும். (சில சிறப்பு ஃபார்முலாக்களுக்கு வேறு முறை உண்டு, டப்பாவைப் படியுங்கள்.)

முதலில் தண்ணீர், பிறகு பவுடர். பவுடரைப் போட்டபின் கோடு வரை தண்ணீர் ஊற்றினால், பவுடர் அடைத்த இடத்துக்குத் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகும்; மலம் இறுகும். டப்பாவோடு வந்த கரண்டியில், அழுத்தாமல், கத்தியின் முதுகால் வழித்து அளந்து போடுங்கள்.

வேகமாகக் குலுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரைக் குலுக்கினால் நுரை கட்டுவதுபோல, பாலிலும் காற்றுக் குமிழ் சேரும். குழந்தை அதையும் விழுங்கும். புட்டியை மெல்லச் சுழற்றுங்கள். நுரை அடங்கி, மணிக்கட்டில் வெதுவெதுப்பாக இருக்கும்போது கொடுங்கள். 2 மணி நேரம் கடந்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் கூட்டினால் எளிதில் செரிக்கும் என்பது தவறு: சத்தும் குறையும், ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.